ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

காட்டோரத்தில் ஒரு குளம். கரைமேல் ஒரு பாறை. பாறைக்கு அடியில் இருந்த பொந்தில் காத்தாயி என்ற கட்டாமை குடியிருந்தது. முதுகு ஓட்டில் நட்சத்திரம் நட்சத்திரமாய்க் கோடு போட்டிருக்கும். கட்டாமை தரையில் வாழ்வது. அதற்கு நீந்தத் தெரியாது.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். வாங்குகிறவர் மறுக்கக் கூடாது.

காத்தாயி மறுத்தது. வம்பு அங்கேதான் தொடங்கியது.

காத்தாயி வீட்டில் ஓர் உடைந்த சட்டி. சட்டியில் பாலைவன ரோஜா. எங்கிருந்தோ பறந்து வந்த சூறைக்குருவியின் இறகில் ஒட்டிவந்த விதை அது. மணலும் பொடிக்கல்லும் போட்டு நட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது. பகலில் காத்தாயி சட்டியை வெயிலுக்கு இழுக்கும். பனி விழுந்தால் பொந்துக்குள் தள்ளும். தண்டு பானை வயிறு மாதிரி பருத்திருந்தது. உச்சியில் பத்துப் பன்னிரண்டு இலை. பூ மட்டும் இல்லை.

மார்கழியில் அந்த இலையும் கொட்டிவிட்டது.

முதலில் பார்த்தது நீலவேணி என்ற தாழைக்கோழி. அது பார்த்தால் குளமே பார்த்த மாதிரி.

"மணியக்காரரே! காத்தாயி செடியைப் பட்டினி போட்டே கொன்னுட்டா!"

மணியக்காரர் என்பது ஒரு கிழட்டுத் தவளை. குளத்துக்குத் தலைவர். நல்ல மனசு. அதுதான் சிக்கல். வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. கருத்தான் என்ற நீர்நாயையும் கூட்டிக்கொண்டு பாறைக்கு வந்தது. வாயில் தண்ணீர் இருந்ததால் தவளையால் பேச முடியவில்லை. நீர்நாய்தான் பேசியது.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. மணியக்காரர் செடிக்குத் தண்ணி ஊத்தணுமாம்."

"வேண்டாம்."

"ஒரு வாய்தானே அக்கா!"

"அரை வாயும் வேண்டாம். செடி தூங்குது."

தவளைக்குப் பொறுக்கவில்லை. வாயிலிருந்த தண்ணீரை வாசலிலேயே துப்பிவிட்டுக் கத்தியது.

"தூங்குதா! ஒரு இலை இல்லை! தண்ணி இல்லாம எந்த உசுரு இருக்கும், சொல்லு?"

"இது இருக்கும். வேணுங்கிற தண்ணியை வயித்துலயே வச்சிருக்கு. வெயில் ஏறினா தானா முழிக்கும். அப்போ மண்ணு காய்ஞ்சா நானே கொடுப்பேன்."

"நீ ஆமையா, கல்லா? ஆமைன்னா தண்ணியில கிடக்கணும். செடின்னா தண்ணி குடிக்கணும். உனக்கு ரெண்டும் ஆகாதா?"

"ஆகாது. போய் உங்க வேலையைப் பாருங்க."

நீலவேணி கெக்கெக்கென்று சிரித்தது. தவளை தாவித் தாவித் திரும்பியது. ஒவ்வொரு தாவலிலும் கோபம்.

தை பிறந்தது. சப்பாத்திக் கள்ளிப் பழம் தின்னக் காத்தாயி மேட்டுக்காட்டுக்குக் கிளம்பியது. ஆமை நடை. போக ஒரு நாள், தின்ன ஒரு நாள், திரும்ப ஒரு நாள்.

மூன்று நாள் போதாதா? தவளை குளம் முழுக்கக் குரல் கொடுத்தது.

"வாயில்லாத செடி, பாவம்! வாங்க எல்லாரும்! ஆளுக்கு ஒரு வாய்!"

தவளைகள் வந்தன. நாரைகள் வந்தன. நண்டுகூட வந்தது, எதில் கொண்டுவந்ததோ, தெரியாது. நீர்நாய் மூன்று தடவை வந்தது. சட்டி நிரம்பிப் பொந்துக்குள் வழிந்தது. எல்லோரும் நல்லது செய்த களைப்பில் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

காத்தாயி திரும்பி வந்தது. வாசலிலேயே நாற்றம். மூக்கால் தண்டை அழுத்திப் பார்த்தது. கல் மாதிரி இருந்த தண்டு அழுகின கத்தரிக்காய் மாதிரி அமுங்கியது.

காத்தாயி அழவில்லை. சட்டியைக் கவிழ்த்தது. செடியை வெளியே இழுத்தது. சிப்பியின் கூர் விளிம்பால் அழுகலைச் சுரண்டியது. நல்ல சதை தெரியும் வரை சுரண்டியது. பாதித் தண்டு போய்விட்டது. எரிந்த கட்டையிலிருந்து கரித்தூள் எடுத்துக் காயத்தில் பூசியது. பொந்துக்குள் நிழலாக இருந்த பாறை இடுக்கில் செடியைத் தலைகீழாகச் செருகியது. மிச்ச வேர் மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஐயோ, கொலை! கொலை!" என்று நீலவேணி அலறியது.

குளமே கூடிவிட்டது. தவளை ஒரு கல்லின்மேல் ஏறி நின்றது.

"காத்தாயி! செடியை இறக்கு. நட்டு வச்சுத் தண்ணி ஊத்து. இல்லைன்னா கரையை விட்டுப் போ!"

"இறக்க மாட்டேன். ஊத்த மாட்டேன். போகவும் மாட்டேன்."

"இது குளத்துக் கட்டளை!"

"குளம் உங்களுது. பாறை என்னுது. காயம் காய பதினஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள ஒரு சொட்டு பட்டாலும் செடி போயிடும். யாருக்காவது ஊத்த ஆசையா? என் ஓட்டு மேல ஏறிப் போங்க!"

சொல்லிவிட்டு வாசலில் குறுக்கே படுத்தது. கதவு போட்ட மாதிரி பொந்து அடைபட்டது. தவளை ஓட்டின்மேல் ஏறிப் பார்த்தது. வழுக்கி விழுந்தது. இன்னொரு தடவை ஏறியது. இன்னொரு தடவை விழுந்தது. அப்புறம் ஏறவில்லை.

பதினைந்து நாளும் காத்தாயி நகரவில்லை. புல்லுக்குக்கூடப் போகவில்லை. நீர்நாய்க்கு இரக்கம் வந்து ஒரு மீனைக் கொண்டுவந்து போட்டது.

"சாப்பிடுங்க அக்கா."

"நான் மீன் தின்னு எப்பவாவது பார்த்திருக்கியா?"

"நல்லா இருக்கும் அக்கா! கெண்டை!"

"உனக்கு நல்லா இருக்கும். எடுத்துட்டுப் போ."

காயம் காய்ந்து தோல் கட்டியது. காத்தாயி புது மணலில், தண்டின் வயிறு வெளியே தெரிகிற மாதிரி நட்டது. ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். அதற்கப்புறம் மணல் முழுக்கக் காய்ந்தால்தான் அடுத்தது. மாசியில் துளிர் விட்டது. பங்குனியில் உச்சியில் அரிசி அரிசியாய் ஏழு மொட்டு!

சித்திரை வந்தது. பாறை சுட்டது. குளம் பாதியாகச் சுருங்கியது. சித்திரை முழுநிலவு நாளில் எல்லோரும் ஒரு முழுக்குப் போடுவது குளத்து வழக்கம். மூன்று வருஷமாகக் காத்தாயி தட்டிக் கழித்துவிட்டது. அன்று காலையிலேயே தவளை கூட்டத்தோடு வந்துவிட்டது.

"இந்த வெயில்ல ரெண்டும் வேகுது! ஆமையையும் செடியையும் சேர்த்து முக்கி எடுங்க!"

"மாட்டேன். செடியைத் தொட்டா கடிப்பேன்."

காத்தாயி வாசலை அடைத்துக்கொண்டு தலையையும் காலையும் உள்ளே இழுத்தது. நீர்நாய் பக்கத்தில் வந்து குனிந்தது.

"பயப்படாதீங்க அக்கா. இறங்கிட்டீங்கன்னா உங்களுக்கே பிடிச்சுப்போகும்!"

அன்பாகத்தான் தள்ளியது. ஓடு சரிவில் உருண்டது. தொபுக்கடீர்!

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். காத்தாயி மேலே வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

வரவில்லை.

ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு குமிழியும் இல்லை.

"மணியக்காரரே..." என்றது நீலவேணி.

நீர்நாய் பாய்ந்தது. சேற்றுக்குள் துழாவியது. காத்தாயியைக் கரைக்கு இழுத்துப் போட்டுக் கவிழ்த்தது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கொட்டியது. வெகுநேரம் கழித்து ஒரு கண் திறந்தது.

"செடி?"

"பத்திரமா இருக்கு அக்கா. யாரும் தொடலை." நீர்நாய் அழுதது.

காத்தாயி இருமியது. இருமி முடித்துத் தவளையைப் பார்த்தது.

"மூணு வருஷமா வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன். வாய் இருக்கிற என்னையே தள்ளிட்டீங்க. அதுக்கு வாய் கிடையாது. எப்படிச் சொல்லும்? அழுகித்தான் சொல்லுச்சு. அப்பவும் உங்களுக்குக் கேக்கலை!"

"நல்லதுன்னு நினைச்சுத்தான்..." என்றது தவளை.

"யாருக்கு?"

நீர்நாய் தூக்கிவிட வந்தது. காத்தாயி முறைத்தது. அந்தச் சரிவில் தானே நடந்து ஏறியது. ஏறி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. யாரும் தள்ளவில்லை. யாரும் வழிமறிக்கவும் இல்லை.

எட்டாம் நாள் செடி பூத்தது. கரைப் புல்லெல்லாம் கருகிக் கிடந்த உச்சி வெயிலில் ஏழு பூ! நடுவில் வெள்ளை, ஓரத்தில் ரோஸ். சின்னச் சின்ன எக்காளம் மாதிரி வெயிலைப் பார்த்து விரிந்து நின்றன.

தவளை பார்க்க வந்தது. பழக்கதோஷம், வாய் நிறையத் தண்ணீர். வாசலில் நின்றது. பூவைப் பார்த்தது. காத்தாயியைப் பார்த்தது.

"வாயில என்ன மணியக்காரரே?"

தவளை மடக்கென்று விழுங்கியது.

"ஒண்ணுமில்லை" என்றது. பிறகு கேட்டது: "காத்தாயி, செடிக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வியைக் குளத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றது காத்தாயி. "நாளைக்கும் வந்து கேளுங்க."

நமக்குப் பிடித்ததை அடுத்தவர் தலையில் கொட்டுவதற்கு முன்னால், அவருக்கு அது வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.