முதலாளி தன் கையால் எழுதிய தாள்

முறுக்குக் கம்பெனி முதலாளி மயில்வாகனம் உள்ளே வந்தால் உணவுப் பரிசோதனைக் கூடத்து மின்விசிறிகூட அடக்க ஒடுக்கமாகத்தான் சுற்றும். அன்றைக்கு அவர் ஒரு டப்பாவை அதிகாரியின் மேஜையில் நங்கென்று வைத்தார்.

"சொட்டு எண்ணெய் இல்லாத முறுக்கு. சான்றிதழ் குடுங்க. இல்லைன்னா எண்ணெய் இருக்குன்னு இப்பவே நிரூபிங்க. ரெண்டும் முடியலைன்னா நாளைக்கே உங்களுக்கு மாற்றல்."

எண்ணெய் அளக்கும் கருவி பழுதாகி ஒரு மாதம் ஆகிறது. அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது.

சோதனைக் குழாய் கழுவும் செங்கமலம் முதலாளியிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "ஐயா, ஒரு முறுக்கைத் தின்னு காட்டிட்டு, எண்ணெயே இல்லைன்னு உங்க கையாலேயே எழுதிக் குடுங்க."

அவர் நொறுக்கித் தின்றார். அதே கையால் எழுதியும் கொடுத்தார். அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் பட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரி வெளிச்சம் தெரிந்தது.

"அது வியர்வைம்மா!"

"இருக்கும் ஐயா." பக்கத்திலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தாளை விசிறிக்கடியில் வைத்துவிட்டுக் குழாய் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது தண்ணீர் காய்ந்திருந்தது. விரல் தடம் காயவில்லை.

"எழுத்து இல்லைங்குது, விரல் இருக்குங்குது. ரெண்டும் உங்க கைதான். இந்த ரெண்டுல எதுக்கு முத்திரை போடச் சொல்றீங்க, ஐயா?"