கை இறங்கிய பிறகு

செருப்பைக் கழற்றும்போதே பழமலை பேசத் தொடங்கிவிட்டார். ஒரு செருப்பு வாசற்படியில் விழுந்தது. இன்னொன்று நந்தியாவட்டைச் செடிக்குள் போனது.

"நீதியே இல்லை சாமி. நாட்டுல நீதியே செத்துப்போச்சு."

கடம்பவனச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடர் பழமலையைவிட வயதில் இளையவர்; கோபத்தில் மூத்தவர் என்று மடத்தில் சொல்வார்கள்.

"செத்ததுக்கு அப்புறம் சேதி சொல்ல வந்தீங்களா? உட்காருங்க."

பழமலை உட்காரவில்லை. கக்கத்திலிருந்த காகிதக் கட்டை உருவி ஆட்டினார்.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டுத் தில்லைக்கரசி மாடிக்குத் தளம் போடக் கம்பி கட்டியபோது, சுவர் தன் நிலத்துக்குள் வந்துவிட்டது என்று பழமலை நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கேட்டார், கிடைத்தது. நில அளவையர் நேரில் வந்து அளக்கப்போகிறார் என்று தெரிந்ததும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சட்டம் அதற்கு இடம் தருகிறது. திரும்பப் பெற்றவருக்கு மாலை போட வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பழமலை அதை எதிர்பார்த்திருந்தார் போலும். நீதிபதியோ, தில்லைக்கரசிக்கு ஆன செலவைப் பழமலையே கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்.

"செலவு யாருக்குச் சாமி போடுவாங்க? தோத்தவனுக்கு. நான் எங்க தோத்தேன்? கேஸே நடக்கலையே! நானா மனசு இரங்கி வாபஸ் வாங்கினேன். வாபஸ்னா ஒண்ணுமே நடக்கலைன்னு அர்த்தம். ஒண்ணுமே நடக்காததுக்கு எதுக்குச் செலவு?"

"கையில என்ன?"

"சீராய்வு மனு. அதே நீதிபதிகிட்ட, 'ஐயா நீங்க எழுதினது தப்பு, இன்னொரு தரம் பாருங்க'ன்னு. நாளைக்குத் தாக்கல். உங்க கையால விபூதி வச்சுக் குடுங்க."

சாமி ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"தடை இருந்தப்ப அந்தம்மா வாங்கி வச்ச சிமெண்ட் எங்க இருந்தது?"

"வாசல்ல. தார்ப்பாய் போட்டு."

"இப்ப?"

"மழையில கல்லாப் போச்சு. மூட்டை ஒவ்வொண்ணும் உரல் மாதிரி நிக்குது. அந்தம்மா அதைப் பாத்துப் பாத்து என்னைத் திட்டுது. மழையை நானா பெய்ய வச்சேன்?"

சாமி பதில் சொல்வதற்குள் உணவு மணி அடித்தது. விபூதித் தட்டை எடுக்காமலே எழுந்து பந்திக்குப் போனார். பழமலை காகிதக் கட்டை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனார்.

முந்தின நாள் கிருத்திகை விரதம். எல்லோருடைய வயிறும் ஒட்டிக் கிடந்தது. பழமலையும் விரதம்தான், கோபத்துக்கு மட்டும் அவர் விரதம் விதிப்பதில்லை.

அந்தப் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது இடது கையைத் தூக்கினால் பரிமாறுவதும் சாப்பிடுவதும் அப்படியே நிற்கும். கை இறங்கும்வரை ஒரு பருக்கை வாய்க்குப் போகாது. எப்போதோ சாம்பாரில் பல்லியைக் கண்ட ஒருவர் தொடங்கிவைத்தது. முதலில் கைக்குக் கட்டுப்படுவார்கள். காரணத்தைப் பிறகு கேட்பார்கள். நீதிமன்றங்களிலும் ஏறக்குறைய இதுதான் முறை என்று சொல்வோர் உண்டு. நான் சொல்லவில்லை.

சமையற்கார அஞ்சலாட்சி ரவை உப்புமாவை ஆவி பறக்கப் பரிமாறி முடித்தார். பழமலை முதல் கவளத்தை எடுத்தார்.

சாமி இடது கையைத் தூக்கினார்.

கவளம் இலைக்குத் திரும்பியது. பந்தி முழுவதும் நின்றது.

"என்ன சாமி? பல்லியா?" அஞ்சலாட்சியின் முகம் வெளுத்தது.

சாமியின் கை இறங்கவில்லை. ஆவி மெலிந்தது, பிறகு நின்றது. காகம் ஒன்று மதிலில் வந்து உட்கார்ந்து, பொறுமையிழந்து பறந்துபோனது. உப்புமா இறுகி, இலை நரம்பின் வரியை அச்சாக வாங்கிக்கொண்டது.

சாமி கையை இறக்கினார்.

"வாபஸ். சாப்பிடுங்க."

பழமலை விரலால் நெம்பினார். உப்புமா ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது.

"எதுக்குத் தூக்கினீங்க?"

"அதான் இறக்கிட்டேனே. தூக்கவே இல்லைன்னு வச்சுக்குங்க."

"எப்படி வச்சுக்கிறது? இதைப் பாருங்க, செங்கல்!"

"ஆற வச்சது காத்து. காத்தை நானா வீச வச்சேன்?"

அஞ்சலாட்சி கரண்டியை வாளிக்குள் எறிந்தார். அந்தச் சத்தத்தில் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள்.

"இருட்டுல எழுந்து கிண்டினது சாமி. விரதம் இருந்தவங்களுக்கு இதைப் போட முடியுமா? இனி நான் மறுபடி அடுப்பு மூட்டணும், மறுபடி வறுக்கணும். உங்களுக்கென்ன, கையை இறக்கிட்டீங்க!"

பழமலை எழுந்தே விட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அந்தம்மா எதுக்கு மறுபடி வேகணும்? கை தூக்கினது யாரு? அவரே போய் அடுப்பு மூட்டட்டும். அவரே கிண்டிப் போடட்டும். சாமியா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன!"

சொல்லி முடித்த பிறகுதான் பழமலை தன் குரலைக் கேட்டார்.

சாமி எழுந்தார்.

"சரியான தீர்ப்பு. சீராய்வு கேட்க மாட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அஞ்சலாட்சி கூடப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார்.

உள்ளிருந்து புகை வந்தது. இருமல் வந்தது. மறுபடி புகை வந்தது. உப்புமா வரும் வழியாகத் தெரியவில்லை.

பழமலை மெல்ல நடந்து அடுக்களை வாசலில் போய் நின்றார். சாமி அடுப்பின் முன் குந்தி ஊதிக்கொண்டிருந்தார். கண் சிவந்து நீர் வழிந்தது.

"சாமி..."

"மழையில நனைஞ்ச விறகு, பழமலையாரே. பத்த மாட்டேங்குது."

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கக்கத்துல இருக்கிறது காஞ்ச காகிதமா?"