கன்னார் தெருப் புங்கமரமும் ஆறு உடைகளும்

வெகு காலத்துக்கு முன் மாந்தையூரை மாறவேள் என்ற அரசர் ஆண்டு வந்தார். அன்று அவையில் இருந்தவர்கள்: அரசர், அமைச்சர் நக்கண்ணர், விழா அதிகாரி கூத்தரசர், காவலர் இருவர், அவர்கள் அழைத்துவந்த தோப்புக்காரி செம்பாயி. ஆக ஆறு பேர்.

அரசரின் பிறந்தநாள் தோரணத்துக்குக் கோட்டைக்கு வெளியே உள்ள தோப்பிலிருந்துதான் புங்கந்தளிர் வரும். அந்த வருடம் செம்பாயி வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கோட்டைக்குள் இருக்கும் கன்னார் தெருப் புங்கமரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தளிர்த்து நிற்கின்றன அரசே. அவற்றுக்கு இருக்கிற ராஜபக்தி தோப்புக்கு இல்லை," என்றார் கூத்தரசர். தோப்பு அமைச்சர் வைத்தது. அமைச்சர் மேல் அவருக்குப் பொறாமை.

அரசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நாளைக்கே தோப்பை வெட்டுங்கள்."

"சாமி, பத்து நாள் பொறுத்தால் தளிர்த்துவிடும். பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள்," என்றாள் செம்பாயி.

நக்கண்ணருக்கு மனசு தாங்கவில்லை. "வெட்டலாம் அரசே. அதற்கு முன் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி உடை கொடுங்கள். பொழுது சாய்ந்ததும் கூத்தரசர் கன்னார் தெருவில் உட்காரட்டும், நான் தோப்பில் உட்காருகிறேன். நீங்கள் கொடுத்ததை முதலில் கழற்றுகிறவருக்குப் பக்தி குறைவு."

"நானா கழற்றுவேன்?" என்று சிரித்தார் கூத்தரசர்.

தலைப்பாகை, சால்வை, அங்கி, உள்சட்டை, இடைக்கச்சை, பட்டு வேட்டி. ஆளுக்கு ஆறு.

விளக்கு வைத்த பிறகு அரசர் தோப்புக்குப் போனார். நக்கண்ணர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு அரசர் கன்னார் தெருவுக்கு வந்தார். செம்பு காய்ச்சும் உலைகள் ஒரு பக்கம். பகலெல்லாம் வெயில் குடித்த கல்தரையும் சுவர்களும் மறுபக்கம் அனல் கக்கின. மரத்தடியில் கூத்தரசர் ஓலை விசிறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கொடுத்த சால்வை எங்கே கூத்தரசரே?" என்றார் அரசர்.

"சூடு அரசே. பொழுது போயும் சுவர் ஆறவில்லை. இங்கே மனுஷன் எதைப் போட்டுக்கொண்டு இருப்பான்?"

"அந்த மரமும் அதைத்தான் சொல்கிறது, பாவம்," என்றார் நக்கண்ணர். "இந்தச் சூட்டில் கோடை வந்துவிட்டதென்று எண்ணி முந்திக்கொண்டு உதிர்த்துவிட்டது. தோப்பு குளுமையில் இருக்கிறது; தன் பருவத்துக்குக் காத்திருக்கிறது."

அரசர் சுவரைத் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"செம்பாயியிடம் சொல்லுங்கள். என் பிறந்தநாளைப் பத்து நாள் தள்ளிவைத்தாயிற்று. அமைச்சரே, தோப்பு வைத்தது போல இந்தத் தெரு முழுக்க மரம் வையும், சூடு தணியட்டும். தண்ணீர் ஊற்றுவது கூத்தரசர்." சொல்லிவிட்டு, வியர்த்து நின்றவருக்குத் தாமே இரண்டு வீசு விசிறிவிட்டார்.

கூத்தரசர் குனிந்து தம்மைப் பார்த்துக்கொண்டார். ஆறில் மிச்சம் ஒன்று, வேட்டி.