வெட்ட முடியாத கேடயம்

ஒரு விண்வெளித் தொடரின் ரசிகர் மன்றத்துக்கு நான்தான் தலைவர். கதையில் வரும் கதிர்வாள், வெட்டவே முடியாத உலோகக் கேடயத்தை வெட்டுமா என்று அங்கே ஒரே சண்டை.

"அதை எதுவும் வெட்டாது. நாற்பது வருஷம் காலேஜ்ல உலோகவியல் பாடம் நடத்தினவன் சொல்றேன்," என்றேன்.

மன்றத்தில் டீ விற்றுப் பிழைக்கும் பூரணம் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறியா? நீயே சொல்லு. தப்பாச் சொன்னவங்க யாரா இருந்தாலும் நாளையிலிருந்து இங்க வரக்கூடாது."

மன்றச் சுவரில் நான் மாட்டிவைத்திருந்த அந்தக் கேடயத்தின் படத்தை அவள் காட்டினாள். "கைப்பிடி மாட்ட கேடயத்துல ரெண்டு ஓட்டை இருக்கே சார். அதை எதால போட்டாங்க?"

கூட்டம் என்னைப் பார்த்தது.

"அப்ப நாளைக்கு நான் வரேன் சார். நீங்க?"

இரண்டு வாரம் ஆகிறது. அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை.