கடித்துப் போட்ட அப்பம்

இந்தக் கதையின் முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால் யார் வயிறு நிறைந்திருந்தது, யார் வயிறு காலியாக இருந்தது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரின் துறைமுகத்தில், செல்வர்களின் உடைக்கான இரத்தாம்பரம் என்னும் செந்நீலச் சாயம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் பிலின்னா என்றொரு கூலிக்காரி இருந்தாள். கடல் நத்தைகளை உடைத்து, அழுகவிட்டு, தொட்டியில் காய்ச்சுவது அவள் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த நாற்றம் அவளை விட்டுப் போகாது.

அப்போதுதான் அந்த ஊரில் கிறிஸ்துவின் பெயரால் ஒரு சிறு சபை கூடத் தொடங்கியிருந்தது. கோயில் என்று தனியாக எதுவும் கிடையாது. ரூபினு என்ற செல்வந்தரின் வீடு பெரியது. வாரத்தின் முதல் நாள் எல்லோரும் அங்கே கூடி உணவுண்டு, ஆண்டவர் நினைவாக அப்பம் பிட்பார்கள். ஞானமுழுக்குப் பெற்று சபையில் சேர்ந்த அன்று, “இனி நீங்கள் எல்லோரும் ஒரே உடல்” என்று பிலின்னாவிடம் சொன்னார்கள். அவள் அதை அப்படியே நம்பினாள்.

ஆனால் அந்த ஊர் விருந்துக்கென்று ஒரு முறை உண்டு. தகுதிக்கேற்ற இடம், தகுதிக்கேற்ற சாப்பாடு. உள்ளறையில் மஞ்சங்களில் சாய்ந்திருப்பவர்களுக்கு நல்ல மீனும் பல வருடம் பழகிய உயர்ந்த திராட்சரசமும். முற்றத்தில் உட்காருகிறவர்களுக்கு மிஞ்சியது. வேலை வெட்டி இல்லாதவர்கள் வெயில் இருக்கும்போதே வந்து தொடங்கிவிடுவார்கள். கூலிகளும் அடிமைகளும் பொழுது சாய்ந்துதான் வர முடியும். இதில் தவறு இருப்பதாக ரூபினுவுக்குத் தோன்றியதே இல்லை. அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் விருந்து வைத்தார்.

ஒரு மாலை பிலின்னா, தாமாஸ் என்ற கிழவரோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். தாமாஸ் இன்னொருவருடைய அடிமை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். “உன் சபைதான் உனக்குச் சோறு போடுகிறதே” என்று சொல்லி, சபை கூடும் நாளில் அவருடைய எஜமான் அவருக்கு உணவு கொடுப்பதில்லை.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. தரையெல்லாம் மீன்முள். சிந்திய ரசத்தில் ஒரு நாய் நாக்கை வைத்திருந்தது. தாடியில் எண்ணெய் வழிய ஒரு விருந்தாளி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். எவாரிஸ்து என்ற வீட்டு அடிமை முகத்தைத் திருப்பாமல் பாத்திரத்தை ஏந்தி நின்றான். எடுத்து முடித்தவன் வாயைத் துடைத்துவிட்டு, மறுபடியும் மீனுக்குக் கை நீட்டினான்.

“என்ன நாற்றம் இது?” என்று அவன் தன் இரத்தாம்பரக் கரைத் துணியால் மூக்கை மூடிக்கொண்டான்.

“சாயக்காரி வந்திருக்கிறாள்” என்றார் ரூபினு, கோபமில்லாமல். “முற்றத்தில் உட்காரம்மா. இருப்பதைத் தரச் சொல்கிறேன்.”

முற்றத்துக்குக் கூடை வந்தது. அதில் மீன் தலைகளும் அப்பத் துண்டுகளும் இருந்தன. துண்டுகளில் பல் பதிந்திருந்தது. ஒன்றில் எச்சில் இன்னும் காயவில்லை. அதே நேரம் ரூபினு கிண்ணத்தை உயர்த்திச் சத்தமாக ஜெபித்தார்: “ஆண்டவரே, இந்தப் பந்தியில் இருப்பது எதுவும் எங்களுடையது அல்ல. எல்லாம் உம்முடையது. உம்முடைய பிள்ளைகள் எல்லோருக்கும் உரியது.”

தாமாஸ் ஒரு துண்டை எடுத்தார். பிலின்னா அதைத் தட்டிவிட்டாள்.

“நாயும் யோசிக்கும் இதைத் தின்ன! எழுந்திருங்கள், போகலாம்.”

“எங்கே போவது மகளே? இன்றைக்கு எனக்கு இதுதான் சாப்பாடு.”

ரூபினுவின் தங்கை வீபியா இதைப் பார்த்துவிட்டாள். அந்த வீட்டுச் சமையலறை முழுதும் அவள் அதிகாரம். மஞ்சத்தை விட்டு இறங்கி வந்து, கிழவர் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். விழுந்த அப்பத்தை எடுத்துப் பிட்டு, பாதியை அவருக்குக் கொடுத்து, மீதியைத் தன் வாயில் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“உங்கள் வீட்டு எச்சிலை நீங்கள் தின்கிறீர்கள்” என்றாள் பிலின்னா. “அதையும் அவர் பங்கிலிருந்துதானே அம்மா?”

பதிலுக்குக் காத்திராமல் வெளியேறினாள். தெருமுனையில் குடலே வெளியே வருவதுபோல் குமட்டி உமிழ்ந்தாள்.

மறுநாள் துறைமுகத்தில் தாமாஸ் அவளைத் தேடி வந்தார்.

“நீ போன பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டேன், மகளே. விருந்தாளிகள் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு தட்டு நிறைய மீன் வைத்திருந்தார்கள். எவாரிஸ்து யாரையும் கேட்காமல் அதைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டான்.”

“ரூபினு ஒன்றும் சொல்லவில்லையா?”

“சபையில் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அவனை ‘சகோதரா’ என்றுதான் கூப்பிட்டார். விடிந்ததும் திருடன் என்று தூணில் கட்டிச் சவுக்கால் அடித்தாராம். முதுகில் தோல் இல்லை.”

பிலின்னா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரூபினுவை நினைத்தால் வாயெல்லாம் கசந்தது. பசித்தவர் கையிலிருந்ததைத் தட்டிவிட்டு, தன் மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த தன்னை நினைத்தபோதும் அதே கசப்புதான்.

எச்சில் அப்பத்தை மறுத்து எழுந்து போனாள் பிலின்னா. இறங்கி வந்து அதையே பகிர்ந்து தின்றாள் வீபியா. கேட்காமல் எடுத்துக் கொடுத்தான் எவாரிஸ்து. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: பிலின்னாவின் அருவருப்பில் பொய் இல்லை, ஆனால் கிழவரின் பசி அவளோடு போகவில்லை, முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தது. வீபியாவின் கண்ணீரிலும் பொய் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லி நல்ல மீனை வரவழைக்கக்கூடியவள், அந்த வார்த்தையைச் சொல்லாமல் பசித்தவரின் பங்கில் பாதியைத் தின்றாள். எவாரிஸ்து செய்ததே சரி. ஊர்ச் சட்டப்படி அது திருட்டு என்பீர்கள். பந்தியில் இருப்பது எல்லோருக்கும் உரியது என்று அறிவித்தவர் வீட்டுக்காரரே அல்லவா? உரியவரிடம் உரியதைச் சேர்ப்பவன் எப்படித் திருடன் ஆவான்? ரூபினு ஜெபத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் ‘திருடன்’ என்று சவுக்கை எடுத்தபோது.