அரண்மனையைத் தும்ம வச்ச சிவப்புப் பழம்

ஒரே ஒரு கடற்கரை ஊராம், அந்த ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஏண்டா, காலை ஆட்டாம உக்காரு, அப்பத்தான் சொல்லுவேன். அவ துறைமுகத்துல கஞ்சிக்கடை வச்சிருந்தா. புருஷன் கடலோட போயிட்டான், ரெண்டும் பொட்டப்புள்ளைங்க, அந்தக் கடையை விட்டா அவளுக்கு வேற கதி இல்ல.

அந்தக் காலத்துல நம்ம ஊர்ல மிளகாயே கிடையாது. ஆமாண்டி, சத்தியமா கிடையாது! காரம்னா மிளகு ஒண்ணுதான். அந்த மிளகுக்கு அரண்மனையில ஒரு அதிகாரி, விருத்தகிரின்னு பேரு. மலையில விளையுற மிளகெல்லாம் அவன் கிட்டங்கிக்குத்தான் போகும், சாவி அவன் இடுப்புல. "ஐயா, ஒரு பிடி குடுங்கய்யா"ன்னு ஊரே அவன் வாசல்ல நிக்கணும். அந்தக் கும்பிடு வாங்குறதுல அவனுக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

ஒரு வருஷம் மழை இல்லாம மிளகு கம்மியாப் போச்சு. காத்தாயிக்கு ஒரு மணி கூடக் கிடையாதுன்னுட்டான் பாவி. கடல்ல நனைஞ்சு வெறைச்சுப் போய் வர்றவங்க அவ துவையலைத் தொட்டு நக்கிட்டு, "என்னம்மா இது, காய்ச்சக்காரனுக்கு வச்ச பத்தியமா?"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. கடையை மூடுனா அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணி கையால சோறு வாங்கித் திங்கணும். அந்த அண்ணி வாய் இருக்கே, அப்பப்பா! நெனைச்சு நெனைச்சு அழுதா காத்தாயி.

அப்பத்தான் ஒரு கப்பல் வந்துச்சு. அதுல இருந்து ஒரு தாடிக்காரக் கிழவன் இறங்கி வந்து, அந்தச் சப்புன்னு இருந்த கஞ்சியையே மூணு சட்டி குடிச்சான், குடிச்சுட்டு மடியில இருந்து காஞ்சுபோன சிவப்புப் பழம் ஒரு கை அள்ளிக் குடுத்தான்.

"இது என்ன சாமி?"ன்னா காத்தாயி.

"கிள்ளி நாக்குல வச்சுப் பாரு தாயி."

வச்சா. வச்சதும் ஐயோ அப்பான்னு குதிச்சா, குடத்துத் தண்ணியப் பூரா குடிச்சா, அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்சா.

"இது எங்க ஊருப் பழமும் இல்ல தாயி. மேக்கே பெரிய கடலுக்கு அந்தாண்ட ஒரு நாடு. அங்க காட்டுல தானா மொளைச்சுக் கிடக்கும். ஆடு கடிச்சா அலறி ஓடும். குருவிக்கு மட்டும் காரமே தெரியாது, பழத்தை முழுங்கிட்டுப் போற இடமெல்லாம் விதையைப் போடும். இப்ப நாங்களும் குருவி மாதிரி, கரைக்குக் கரை கொண்டு போறோம்"னு சொல்லிட்டு அவன் கப்பலேறிப் போயிட்டான்.

காத்தாயி விதையைக் கொல்லையில போட்டா. நாலே மாசத்துல கொத்துக் கொத்தாக் காய்ச்சுது. அரைச்சுத் துவையல் வச்சா பாரு, கடையில உக்கார இடமில்ல! மிளகு மாதிரி உறைக்கிற காய்னு ஜனங்க அதுக்கு மிளகாய்னே பேரு வச்சாங்க.

விருத்தகிரி வாசல்ல ஒரு ஈ, காக்கா இல்ல. அவனுக்கு வயிறு எரிஞ்சுது. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு நேரா காத்தாயி கொல்லைக்கு வந்து, "இது விஷம், பிடுங்குங்கடா!"ன்னான். அவ காலப் பிடிச்சுக் கெஞ்சியும் கேக்கல. பிடுங்கிக் குப்பைமேட்டுல எறிஞ்சாங்க. கிளி வந்து தின்னுச்சு, குளத்தங்கரையில மொளைச்சுது.

குளத்தங்கரைக்கு வந்தான். "பிடுங்குங்கடா!"ன்னான். மாட்டை விட்டு மிதிச்சாங்க. மைனா வந்து தின்னுச்சு, இப்ப ஊர்ல வீட்டுக்கு வீடு மொளைச்சுது.

மூணாந்தடவை என்ன செஞ்சான் தெரியுமா அந்த மகா புத்திசாலி? வீடு வீடாப் புகுந்து, வத்தல், பழம், செடி ஒண்ணு விடாம வண்டி வண்டியா ஏத்திக் கொண்டு போயி, அரண்மனை வாசல்ல மலையாக் குமிச்சு, "விதை கூட மிஞ்சக் கூடாது"ன்னு தீ வச்சுட்டான்! சிரிக்காதீங்க, அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருநாளாவது அடுப்படிப் பக்கம் போயிருந்தாத்தானே.

அப்பன்னு பாத்து கடக்காத்து வீசுச்சு. புகை பூரா அரண்மனைக்குள்ள போச்சு. காவக்காரன் தும்முனான், மந்திரி தும்முனாரு, சிங்காசனத்துல இருந்த ராசா தும்முன தும்முல கிரீடமே உருண்டு ஓடுச்சு. கொட்டில்ல யானை தும்முச்சு! ராசா கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடியாந்து, "எவன்டா எனக்குச் சூனியம் வச்சவன்?"னாரு.

விருத்தகிரி இருமிக்கிட்டே, வண்டி பின்னாலயே புள்ளைங்களோட அழுதுக்கிட்டு வந்து நின்ன காத்தாயியைக் காட்டி, "இந்தக் காத்தாயிதான் மகாராசா, விஷச்செடி வளத்தா"ன்னான். "தலையை எடு"ன்னுட்டாரு ராசா.

காத்தாயி ஒரு அடி முன்னால வந்து நின்னா. "மகாராசா, நான் இதைக் கஞ்சிக்குத் தொட்டுக்க வச்சேன். நெருப்புல போட்டது அவரு. விஷம்னா ஊரே செத்திருக்கணும். உங்க முன்னாலயே அரைக்கிறேன், மொத வாய் நான் திங்கறேன், என் புள்ளைங்க திங்கும், அப்புறம் தலையை எடுங்க"ன்னா.

எரியாம ஓரத்துல கிடந்த நாலு பழத்தை எடுத்து, உப்பும் புளியும் வச்சு அரைச்சா. அவ தின்னா, புள்ளைங்க தின்னுச்சு. ராசாவும் துணிஞ்சு கஞ்சிக்குத் தொட்டுக்கிட்டாரு. மொத வாய்க்குக் கண்ணுல தண்ணி. ரெண்டாவது வாய்க்கு மூக்குல தண்ணி. மூணாவது வாய்க்குச் சட்டியை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்து தாயி"ன்னாரு!

அப்புறமென்ன, யாரு வேணா எங்க வேணா மிளகாய் போட்டுக்கலாம்னு தண்டோரா போட்டாச்சு. தப்பிச்ச விதையெல்லாம் செடியாச்சு, கீழ்க்கடல் போற கப்பல்ல மூட்டை மூட்டையா ஏறுச்சு, சயாமு, சீனா, போற கரையெல்லாம் இறங்குச்சு.

விருத்தகிரியா? இடுப்புச் சாவியைப் பிடுங்கிட்டு, அரண்மனை அம்மிக்கு அனுப்பிட்டாரு ராசா. நித்தம் நூறு பேருக்கு மிளகாய் அரைக்கணும், அதுவும் வெறுங்கையால. மொத நாளே கை எரியுதேன்னு அழுதான். அழுதவன் சும்மா இருந்தானா? அரைச்ச கையாலயே கண்ணைத் தொடச்சான்!

அதுதான் கதை. நாலு பேர் வாய்க்கு ருசியா இருக்குறதைக் கெடுக்க நெனைச்சா அப்படித்தான் ஆகும். கேட்டவங்க வயிறு குளிரட்டும், கெடுத்தவன் கை எரியட்டும், எல்லாரும் எந்திரிச்சுப் போயிப் படுங்க.