துடைக்காத தடம்

அந்தக் காலத்தில் பறவைக்கும் பேச்சு உண்டு, விலங்குக்கும் உண்டு, இலை தழைக்கும் உண்டு. எல்லாம் பேசும். தேவைக்கு மேலேயே பேசும். இலுப்பைக் காட்டில் அளந்து பேசியவன் ஒருவன்தான். நெடுவாலன் என்று பெயர்.

கோழி அளவுகூட இல்லாத பறவை. வெள்ளைச் சிறகு. பின்கழுத்தில் பொன் பூசினாற்போல ஒரு பட்டை. அரிவாளாய் வளைந்த நீண்ட கறுப்பு வால். கால்விரல் மட்டும் மற்ற பறவைகளுக்கு இருப்பதுபோலக் குட்டைதான். அவன் இனம் நடக்கிற இனம். பறக்கத் தெரியாது என்றில்லை. ஆனாலும் எங்கே போவதானாலும் நடந்துதான் போகும். "பறக்கிறவனுக்கு ஊர் தெரியும், வழி தெரியாது" என்பது அவர்கள் பேச்சு.

அவன் பெண்டாட்டி நான்கு முட்டை இட்டாள், கிளம்பிப் போய்விட்டாள். அந்த இனத்தில் அதுதான் வழக்கம். அடைகாப்பதும் வளர்ப்பதும் ஆணின் பாடு. நெடுவாலன் முணுமுணுக்கவில்லை. நாலும் பொரிந்தன.

அந்தக் கோடையில் காட்டுக்குட்டை வற்றியது. தண்ணீர் சேறானது, சேறு வெடித்தது, வெடிப்புக்குள் இருந்த பூச்சியும் செத்தது. குஞ்சுகள் அலகைத் திறந்தபடியே தூங்கின. ஒரு நாள் தாங்கும். இரண்டு நாள் தாங்காது. அவனுக்குத் தெரியும்.

கிழக்கே பெரிய ஏரி இருந்தது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. விடியலில் கிளம்பினால் உச்சிவெயிலுக்குள் போய்விடலாம். முதலில் இலுப்பை நிழல், அப்புறம் நாவல் தோப்பு, அப்புறம் அரண்மனை. அதைத் தாண்டினால் ஏரி. சுற்றிப் போவதென்றால் மூன்று நாள், வழியெல்லாம் முள்.

"நடங்க," என்றான். நடந்தார்கள்.

"அப்பா, அம்மா எங்கே?" என்றது மூத்தது.

"வேலையாப் போயிருக்கா."

"என்ன வேலை?"

"நட."

கொஞ்ச தூரம் போனதும் கடைக்குட்டி ஆரம்பித்தது. "அப்பா, கால் சுடுது."

"நிழல்ல மிதி."

"நிழல் நகருதே."

"நீயும் நகரு."

நாவல் தோப்பில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தான். புழுதியில் ஒரு பெரிய தடம். அதை ஒட்டி நாலு வரிசையாய்ச் சின்னத் தடம். காட்டின் ஆழத்திலிருந்து அவன் காலடி வரைக்கும் ஒரு இடம் விடாமல் வந்திருந்தது. 'என் புள்ளைங்க நடந்த நடை' என்று நினைத்துக்கொண்டான். வாய்விட்டுச் சொல்லவில்லை. வால் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது.

அரண்மனை வந்தது.

அதன் முற்றம் முழுக்க வெள்ளை மணல். கடலோரத்திலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியது. அந்த மணலில் ராசாவின் காலடி ஒன்றுதான் தெரிய வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் கடந்து போகலாம். ஆனால் போகப்போகத் தன் தடத்தைத் தானே துடைத்துவிட்டுப் போக வேண்டும். சட்டம் போட்டவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மணியம் பார்த்தது ஒரு மயில்.

முற்றத்தில் அப்போது ஒரு முயல் இருந்தது. ஒரு எட்டு வைக்கும், குனிந்து, துளியூண்டு வாலால் துடைக்கும், மறு எட்டு வைக்கும்.

"என்னய்யா மலைச்சுப்போய் நிக்கிறே?" என்றது முயல். "துடைச்சிட்டே வா, அவ்வளவுதான். நான் எங்கப்பன் காலத்திலேருந்து துடைக்கிறேன்."

"வால் எங்கே உனக்கு?" என்றான் நெடுவாலன்.

"தேஞ்சு போச்சு."

மயில் தோகையை இழுத்துக்கொண்டு வந்தது. அவன் வாலை ஏற இறங்கப் பார்த்தது. "வாய்யா நெடுவாலா! ஆண்டவன் உன்னைத் துடைப்பத்தோடயே படைச்சிருக்கான் பாரு!"

"மணியக்காரரே, புள்ளைங்களுக்குத் தீனியும் தண்ணியும் வேணும். ஏரிக்குப் போறோம். வழி விடுங்க."

"வழியை யாரு மறிச்சா? தாராளமாப் போ. தடம் இருக்கக் கூடாது."

"நாலும் பச்சைப் புள்ளைங்க. இதுங்க தடம் யார் கண்ணுல படப்போகுது?"

"சின்னத் தடமும் தடம்தான்."

நெடுவாலன் குஞ்சுகளைப் பார்த்தான். மூத்தது நின்றபடியே கண்ணை மூடியிருந்தது. கௌரவம் பார்க்கிற நேரமா இது? துடைத்தால் என்ன குறைந்துவிடும்? மணலில் காலை வைத்தான். வாலைத் தாழ்த்தினான். சுடுமணல் பட்டு வால் கூசியது.

அப்போதுதான் கடைக்குட்டியைக் கவனித்தான். அது அவனுக்கு முன்னாலேயே மணலில் இறங்கிவிட்டது. திரும்பி நின்று, இன்னும் இறகுகூட முளைக்காத தன் சின்னச் சிறகால், தான் வைத்த ஒரே ஒரு தடத்தை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தது.

"என்ன செய்யறே?"

"துடைக்கிறேன்பா. நல்லாத் துடைக்கிறேனா?"

குரலில் அத்தனை பெருமை. சுடுமணலைவிட அதுதான் அவனைச் சுட்டது.

"நிறுத்து."

"ஏன்பா?"

"நிறுத்துன்னா நிறுத்து." வாலைத் தூக்கினான். மயில் பக்கம் திரும்பினான். "துடைக்க மாட்டோம்."

"அப்ப வந்த வழியே போ."

"போக மாட்டோம்."

"பறந்து போறதுதானே?"

"இதுங்களை விட்டுட்டா?"

மயிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோகையே குலுங்கியது. "மண்ணுல தடம் படாமப் போக ஒரு வழி இருக்குய்யா. அதோ பாரு அகழி. நேரா ஏரிக்குத்தான் போகுது. தண்ணி மேல நடந்து போயேன்! நடக்கிற பரம்பரைன்னு பீத்திக்குவீங்களே!"

அகழியில் ஆனை முழுகும் ஆழம். காட்டுப் பறவைக்கு நீந்தத் தெரியாது. ஆனால் கரைக்குக் கரை தாமரை மண்டிக் கிடந்தது.

"நீங்க சொன்னது. அப்புறம் வார்த்தை மாறக் கூடாது," என்றான் நெடுவாலன்.

"மாற மாட்டேன். போ, போ. பார்க்கிறேன்."

சிறகை விரித்தான். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாலையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான். எட்டுக் கால்கள் வெளியே தொங்கின. அகழிப் படியில் இறங்கினான்.

அப்போதெல்லாம் தாமரை இலை வெறும் வழவழப்பு. தேய்த்து வைத்த தட்டு மாதிரி இருக்கும்.

"யாரது?" என்றது முதல் இலை.

"ஏறணும்."

"என் மேல மழைத்துளியே நிக்காது. நீ நிப்பியா?"

"நின்னுதான் ஆகணும்."

"எத்தனை பேரு?"

"அஞ்சு."

இலை யோசித்தது. "பாரத்தை ஒரே இடத்துல வைக்காதே. பரப்பி வை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

காலை வைத்தான். இலை அமிழ்ந்தது. தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. தொங்கின கால்கள் நனைந்து குஞ்சுகள் வீறிட்டன. கரையில் மயில் கெக்கலித்தது. விரலை விரித்தான். போதவில்லை. இன்னும் விரித்தான். மூட்டு மூட்டாய் நெட்டி முறிகிற சத்தம். வலி உச்சந்தலைக்கு ஏறியது. பல்லிருந்தால் கடித்திருப்பான். விரல் நீண்டது. இலையின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீண்டுகொண்டே போனது.

இலை நின்றது. மெல்ல மேலே வந்தது.

"அட!" என்றது இலை.

"நன்றி," என்றான். அடுத்த இலைக்குக் கால் வைத்தான்.

முற்றத்தில் முயல் துடைப்பதை விட்டுவிட்டு எம்பி எம்பிப் பார்த்தது. "நடக்கிறான்யா! தண்ணி மேல நடக்கிறான்யா! நாலு புள்ளையையும் இடுக்கிட்டு நடக்கிறான்யா!"

ஓர் இலையின் குழியில் தண்ணீர் முத்தாய் உருண்டது. கடைக்குட்டி சிறகுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிக் குடித்தது. அப்புறம் மூத்தது. நாலும் குடிக்கும்வரை நின்றான். பிறகு ஏரி வரை நிற்கவில்லை.

மயில் கரையோரம் ஓடிவந்து அகழியைப் பார்த்தது. சிரிப்பு நின்றது. அவன் மிதித்த இலை ஒவ்வொன்றிலும், நடுவிலிருந்து விளிம்பு வரை, விரித்த விரலின் தடம் பதிந்து கிடந்தது.

"ஏ இலை! உன் மேல தடம் கிடக்கு!"

"கிடக்கு," என்றது இலை.

"கழுவு!"

மயில் தோகையைத் தண்ணீரில் முக்கி வாரி வாரி இறைத்தது. தண்ணீர் உருண்டு ஓடியது. தடம் அப்படியே இருந்தது.

"எத்தனையோ பேரு வந்தாங்க," என்றது இலை. "மழை வந்துச்சு, பனி வந்துச்சு. ஒண்ணும் என் மேல நிக்கல. இவன் ஒருத்தன் நின்னான். நின்னது இருக்கட்டும்."

மயில் திரும்பிப் பார்த்தபோது முயல் முற்றத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தது. குனியவில்லை. துடைக்கவில்லை. பின்னால் தடம் நாலு நாலாய் மணலில் விழுந்துகொண்டே போனது. மயில் அகவிய அகவலில் அரண்மனையே அதிர்ந்தது. முயல் காதை மட்டும் ஒருமுறை அசைத்தது.

ஏரியில் பூச்சிக்குப் பஞ்சமில்லை. குஞ்சுகள் வயிறு முட்டத் தின்றன. கடைக்குட்டி தன் காலைத் தூக்கிப் பார்த்தது. அதன் விரலும் நீண்டிருந்தது.

"அப்பா, இனிமே துடைக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"எப்பவுமா?"

"எப்பவும். நட."

அது நடந்தது. இலைமேல், தலை நிமிர்ந்து. அவன் பின்னாலேயே போனான்.

அந்த இனத்துக்கு இலைக்கோழி என்று பெயர் வந்தது அப்புறம். உடம்புக்கு மீறின விரலோடு குளம் குளமாய் இன்றைக்கும் இலைமேல் நடக்கிறது. குஞ்சை இடுக்கிக்கொண்டு போவதும் இன்றைக்கும் தகப்பன்தான். அன்று முதல்தான் தாமரை இலை ஒவ்வொன்றும் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் அந்த ரேகையோடு விரிகிறது. எந்த மழைக்கும் அதைத் துடைக்கத் தெரியவில்லை.